காசு கொடுத்து அமைதி வாங்கலாமா?

 

பெரியமடுவில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். "வீட்டுச் சத்தத்தில் படிக்க முடியவில்லை, வெளிச்சத்தத்தை அடக்கும் ஹெட்போன் வாங்கி அனுப்புங்கள்" என்று கட்டாரில் வேலை செய்யும் நானாவிடம் கேட்கிறாள். "வாங்கவா உம்மா?" என்று அவர் உங்களிடம் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

விலை சாமான்யமானதல்ல. மலிவானவையும் உண்டு. ஆனால், சோனி நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஓர் உயர்ரக ஹெட்போனின் விலை அப்போது அமெரிக்காவில் 399 டாலராக இருந்தது. நம் நாணயத்தில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல்! வெயிலில் உழைத்த காசல்லவா?

முதலில் அந்தக் கருவி செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வோம். ஒலி என்பது காற்றில் எழும் அலை. ஹெட்போனிலுள்ள சிறிய மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டதும், அதற்கு நேர் எதிரான அலையைக் கருவி காதுக்குள் எழுப்புகிறது. மேட்டு மண்ணைப் பள்ளத்தில் இட்டால் தரை சமமாவது போல, இரண்டும் ஒன்றையொன்று அடக்குகின்றன.

வங்காளத்தவரின் மகனாக அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978இல் விமானத்தில் போகும்போது இரைச்சலால் இசையைக் கேட்க முடியாமல் இதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். 1989இல் அவரது நிறுவனம் விமானிகளுக்காக இத்தகைய ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆக, இது எஞ்சின் இரைச்சலுக்காகப் பிறந்த கருவி. விமானம், பஸ், ஏசி என்று ஒரே சீராக இரையும் தாழ்ந்த சத்தங்களை நன்றாக அடக்கும். பேச்சுக்குரல், குழந்தையின் அழுகை, பாத்திரம் விழும் சத்தம் ஆகியவற்றைக் குறைக்குமே தவிர, முழுதாக நிறுத்தாது.

இனி, உங்கள் வீட்டுச் சத்தம் எதுவென்று ஒரு நாள் காதுகொடுத்துக் கேளுங்கள். தொலைக்காட்சியும், தம்பிமாரின் சண்டையும், நமது உரத்த பேச்சும்தானே? அதற்கு ஒரு இலட்சம் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் காதடைப்பான் சில நூறு ரூபாய்தான். மாறாக, பகல் முழுதும் பஸ்ஸிலும் இரவு முழுதும் ஏசி இரையும் அறையிலும் இருக்கும் மகனுக்கே அது அதிகம் பயன்படலாம். அவர் தனக்காக ஒன்று வாங்கினால் அதை வீண் செலவென்று கடிந்துகொள்ளாதீர்கள்.

"அந்தக் காலத்தில் நாங்கள் படிக்கவில்லையா?" என்று மகளிடமும் சொல்லிவிடாதீர்கள். 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பக்கத்துக் கொட்டிலின் பேச்செல்லாம் காதில் விழ வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அமைதி இல்லாமல் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அவள் கேட்பது ஹெட்போன் அல்ல சகோதரிகளே, அந்த அமைதியைத்தான்.

இஷாவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். சின்னவர்களை வாப்பா பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் தண்ணீர் எடு, தேநீர் ஊற்று என்று நீங்களும் அவளை அழைக்காதீர்கள். உம்மாவின் அழைப்பை அடக்கும் கருவி எந்தக் கடையிலும் இல்லை!

ஒரு மாதம் செய்து பாருங்கள். அதன் பிறகும் தேவையென்றால் மகனுக்குச் சொல்லலாம்.