மலைக்காட்டில் நாய்க்கு ஒரு கயிறு

வளர்ப்பு நாயை மலையேற்றத்துக்கு உடன் அழைத்துச் செல்லும் வழக்கத்தை இப்போது பலரிடம் காண்கிறோம். அதில் எங்களுக்கு மறுப்பேதுமில்லை. நாங்களே அழைத்துச் செல்பவர்கள்தாம். ஆனால் காட்டின் விளிம்பை எட்டியதும் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, “அதுவும் ஓர் உயிர்தானே, சற்றே ஓடித் திரியட்டும்” என்கிறார்களே, அந்தப் பெருந்தன்மையோடுதான் எங்களுக்குப் பிணக்கு.

குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பெரும்பொழுதுகள் என்பது தொல்காப்பியம் பயின்றோர் அறிந்ததே. இவற்றுள் கூதிர் அட்டைகளின் காலம். மனிதருக்கும் நாய்க்கும் இரத்தம் மிஞ்சாது. நடப்பதற்கு முன்பனியே ஏற்றது. அதனால் ஆண்டுதோறும் மார்கழியின் பின்பாதியில், கல்லூரி விடுமுறையை ஒட்டி, நண்பர்கள் நால்வரும் செவலை என்னும் நாயுமாகப் பழனிமலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடிப் பக்கம், ஒரு பகல் நடந்துவருகிறோம். செவலை கோம்பை வழிவந்த கலப்பினம். செம்பழுப்பு உடல், கரிய மூஞ்சி. தொலைவிலிருந்து பார்ப்பவர் செந்நாய் என்று மயங்கினால் வியப்பில்லை.

அந்நாளில் மலை இருக்கும் அழகே தனி. காலை எட்டு மணிவரை பனி விலகுவதில்லை. காப்பிச் செடிகளில் பழம் சிவந்திருக்கும்; இடுப்பில் பை கட்டிய பெண்கள் வரிசை வரிசையாகப் பறித்துக்கொண்டிருப்பார்கள். நிழல்மரங்களில் மிளகுக்கொடி. நாங்கள் கண்ணால் பார்த்து வியப்பதையெல்லாம் செவலை மூக்கால் படித்துக்கொண்டு வரும். ஒரு புல்லின் அடியில் இரண்டு நிமிடம் நிற்கும். இரவு அவ்வழியே யார் சென்றார், எப்போது சென்றார் என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது போலும்! நாயோடு நடப்பதன் பெரும்பேறு இந்த நிற்றல்தான். தனியே நடக்கும்போது நாம் மலையை விரைந்து கடந்துவிடுகிறோம். கேளையாட்டின் குரல் நாய்க் குரைப்பை ஒத்தது. அது கேட்டபோதெல்லாம் செவலை பதில் சொல்வதா வேண்டாவா என்று எங்கள் முகத்தைப் பார்க்கும்.

சென்ற முறை, தோட்டம் முடிந்து சோலை தொடங்கும் வளைவில், முப்பது அடிக்கு அப்பால் ஒரு காட்டுமாடு நின்றது. செவலையின் பிடரிமயிர் சிலிர்த்தது. கயிறு கையில் இறுகியது. ஒருவரும் பேசவில்லை. பின்னோக்கியே அடியெடுத்து வைத்துத் தோட்டத்துக்குள் திரும்பிவிட்டோம். கயிறு இல்லாதிருந்தால் என்ன நிகழும் என்பதை மலைவாழ் மக்கள் நன்கறிவர். நாய் குரைத்துக்கொண்டு ஓடும். மாடு சினந்து திரும்பும். அஞ்சிய நாய் நேரே தன் தலைவனிடமே ஓடிவரும், மாட்டையும் பின்னால் அழைத்துக்கொண்டு.

“எங்கள் நாய் கடிக்காது” என்பது வழக்கமான மறுமொழி. இங்கே கபிலரை நினைக்கவேண்டியிருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் தலைவன் தோன்றுவதற்கு முன்பே அவனுடைய வேட்டைநாய்கள் தினைப்புனத்துப் பெண்களைச் சூழ்கின்றன. அவை யாரையும் கடித்ததாகப் பாட்டில் இல்லை. ஆயினும் அப்பெண்கள் நடுங்கி இடம்விட்டு எழுகிறார்கள். அந்த அச்சத்தைக் கபிலர் சிறிதும் இளக்காரமாகக் காட்டவில்லை. தலைவனோ ஆரவாரிக்கும் தன் சுற்றத்தின் குரலை அடக்கிவிட்டு, அவர்களுடைய மறுமொழிக்காகக் காத்து நிற்கிறான். அச்சுற்றம் நாய்களே என்று கொள்ள இடமுண்டு. காப்பி பறிக்கும் பெண்களிடையே நாயை அவிழ்த்துவிட்டுப் பின்னால் சிரித்தபடி வருபவர்களைவிட அவன் பண்பறிந்தவன் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மனிதர்களாவது வாய்திறந்து சொல்வார்கள். கடமானும் முயலும் சொல்வதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. காட்டு விலங்கை விரட்டுவதும் துரத்துவதும் வேட்டைதான். விளையாட்டாகத் துரத்தியது என்று நாம் சொல்லலாம். துரத்தப்பட்ட விலங்குக்கு அது விளையாட்டன்று. பழனிமலைக் காடுகளின் பெரும்பரப்பு 2013இல் கொடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. உரிய அனுமதியின்றி மனிதரே நுழையக்கூடாத எல்லைக்குள் நாயை எப்படி ஓடவிடுவது?

இன்னும் அஞ்சத்தக்கது நோய். 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சிங்கங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிஸ்டெம்பர் என்னும் நோயால் மடிந்தது. ஊர் நாய்களிடமிருந்து அது பரவியிருக்கக்கூடும் என்றே ஆய்வாளர் கருதினர். 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களுக்குள் இறந்தபோது, சிலவற்றின் உடலில் அதே நோயின் கிருமி கண்டறியப்பட்டது. நம் மலைகளில் சிங்கமில்லை; செந்நாய் உண்டு. உலகம் முழுவதும் இனம்பெருக்கும் நிலையில் எஞ்சியுள்ள செந்நாய்கள் 2,500க்கும் குறைவு என்பது மதிப்பீடு. நாய்க்குடும்பத்தைச் சேர்ந்த அவ்விலங்குக்கு நம் வீட்டு நாயின் நோய்கள் எளிதில் தொற்றும். நாயின் குட்டிக்கும் புலியின் குட்டிக்கும் குருளை என்று ஒரே பெயரிட்டது தொல்காப்பிய மரபியல். பெயரில் இருக்கும் உறவு நோயிலும் இருப்பது நம் கெட்ட காலம்.

ஆகவே எங்கள் நடைமுறை எளியது. தோட்டத்து வழிகளிலும் ஊர்ப் பாதைகளிலும் நாய் எங்களோடு வரும். காப்புக்காட்டின் எல்லைக்கல் வந்தால் அங்கிருந்தே திரும்புவோம். வெறிநோய்த் தடுப்பூசியும் டிஸ்டெம்பருக்குரிய ஊசியும் காலம் தவறாமல் போட்ட பிறகே மலைக்குப் புறப்பாடு. அதன் கழிவைத் தாளில் எடுத்துக் கீழே கொண்டுவருவோம். இதற்குச் சிரித்தவர்கள் உண்டு. வீடு திரும்பியதும் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்க அரைமணி நேரம் ஆகும். கயிறு ஆறடி போதும். இழுத்தால் தானே நீளும் வகைக் கயிற்றைக் கடையில் பரிந்துரைப்பார்கள். புதர் மண்டிய வழிக்கு அது உதவாது, முதல் லாண்டனாப் புதரிலேயே சிக்கிக்கொள்ளும்.