மொபெட் போன வேகம் 96

எங்க தெருவில் ஒரு மாமா இருக்கிறார். அவரிடம் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். செஞ்சி கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிப் போக அதுதான் வாகனம். இரண்டு மூட்டை வைத்தால் 40ஐத் தொடுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கும். அப்பேர்ப்பட்ட வண்டி, மேற்கு மாவட்டத்துப் பெரிய ஊர் ஒன்றில், 60க்கு மேல் போகக்கூடாத ரோட்டில், 96 கிலோமீட்டர் வேகத்தில் பறந்ததாம். ஆயிரம் ரூபாய் கட்டு என்று செல்போனில் மெசேஜ். அதுவும் ஒன்றரை மாதம் கழித்து.

மாமா அந்த ஊருக்கு ஜென்மத்தில் போனதில்லை.

செல்லானில் இருந்த போட்டோவைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு வெள்ளைக் கார்! கீழேயே 'வண்டி வகை: மொபெட்' என்று போட்டிருக்கிறது. கார் நம்பரில் கடைசி எண் 8. தட்டியவர் 3 என்று தட்டிவிட்டார். படத்தையும் அதன் கீழே உள்ள வரியையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்திருந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். யாரும் பார்க்கவில்லை.

டீக்கடையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "கட்டித் தொலைச்சிட்டு வேலையப் பாருங்க மாமா."

எனக்கு அந்த வெள்ளைக் காரை விட இந்த யோசனை மேல்தான் கோபம்.

செல்லான் என்பது தீர்ப்பு இல்லைங்க. 'நீ இதைச் செய்தாய்' என்று ஒருவர் சொல்லும் புகார், அவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 183 என்ன சொல்கிறது? 'வேகமாகத்தான் போனான், என் கண்ணால் பார்த்தேன்' என்று ஒரே ஒரு சாட்சி தன் அபிப்பிராயத்தைச் சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது; அந்த மதிப்பீடு ஒரு கருவி அளந்ததாக இருக்க வேண்டும். மாமா விஷயத்தில் கருவி ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறது. எதை அளந்தது என்பதில்தான் கோளாறு.

பிரிவு 209 இன்னும் சுவாரஸ்யம். வேகத்துக்காக வழக்குப் போட வேண்டுமானால் சம்பவம் நடந்த இடத்திலேயே ஓட்டியவரை எச்சரித்திருக்க வேண்டும். இல்லையா, 14 நாளுக்குள் எந்த இடம், எந்த நேரம் என்று எழுதி நோட்டீஸ் சேர்ப்பிக்க வேண்டும், அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அதுவும் இல்லையா, 28 நாளுக்குள் சம்மன் வர வேண்டும். பேரும் விலாசமும் கண்டுபிடிக்க முடியாமல் போனால் விலக்கு உண்டு. நம்பரைத் தட்டினால் ஓனர் ஜாதகமே வந்து விழும் காலத்தில் அந்தச் சாக்கு எப்படி எடுபடும்?

இதற்காக எல்லாப் பிழையையும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். 'முருகேசன்' என்பதை 'முருகேஷன்' என்று அடித்துவிட்டார்கள் என்று வாதாடினால் மாஜிஸ்திரேட் சிரிப்பார். உங்களைக் குழப்பி நியாயத்தைக் கெடுக்கிற பிழையைத்தான் சட்டம் பிழையாக மதிக்கிறது. வண்டி நம்பர், இடம், நேரம், வேக வரம்பு இதெல்லாம் அந்த ரகம்.

போலீஸ்காரரும் மனுஷன்தான், தப்பு வரும். அயர்லாந்தில் 'பிராவோ யாஸ்தி' என்று ஒரு பெரிய குற்றவாளி இருந்தார். 50க்கும் மேற்பட்ட போக்குவரத்துக் குற்றங்கள், ஒவ்வொன்றிலும் வேற வேற விலாசம். கடைசியில் பார்த்தால் போலிஷ் மொழியில் அதற்கு 'ஓட்டுநர் உரிமம்' என்று அர்த்தமாம்! லைசென்ஸில் மேலே இருந்த தலைப்பை ஆள் பேர் என்று நினைத்து எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள். 2009ல் அயர்லாந்து போலீசுக்கு இதற்காக இக் நோபல் என்ற கேலிப் பரிசு கிடைத்தது, அதுவும் இலக்கியத்துக்கு.

அங்கே சிரித்தார்கள். இங்கே மாமா அழுகிறார். ஏன்? கணக்கைப் பாருங்கள். கட்டினால் ஆயிரம். எதிர்த்து நின்றால் குற்றம் 'நடந்த' ஊர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். செஞ்சியிலேயே கோர்ட் இருக்கிறது, ஆனால் எல்லை அது இல்லை. ராத்திரி பஸ், இரண்டு நாள் வேலை போச்சு, வக்கீல் ஃபீஸ், வாய்தா. உண்மையைச் சொல்ல மூவாயிரம், பொய்யை ஒத்துக்கொள்ள ஆயிரம்! முன்பு இந்தக் குற்றத்துக்கு முதல் தடவை 400 ரூபாய் வரைதான் அபராதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு சிறிய வண்டிக்கே 1,000 முதல் 2,000. இரண்டாவது தடவை மாட்டினால் லைசென்ஸையே பிடித்து வைக்கச் சொல்கிறது. இன்றைக்கு 'போகட்டும்' என்று கட்டுகிற மாமாவுக்கு இது முதல் தடவை என்று கணக்கில் ஏறிவிடும், ஞாபகம் இருக்கட்டும்.

வேகமாகப் போகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற ரோடு எங்கள் கோட்டை மலைகளுக்கு நடுவில்தான் போகிறது. பௌர்ணமி ராத்திரி கிரிவலத்துக்குப் பறக்கிற கார்களைப் பார்த்தால் ரோட்டைக் கடக்கவே குலை நடுங்கும். கேமரா வையுங்கள், பிடியுங்கள், கும்பிடுகிறோம். ஆனால் 96ல் போன அந்த வெள்ளைக் காருக்கு இன்றுவரை ஒரு மெசேஜும் போகவில்லையே ஐயா! அவன் நாளைக்கும் 96ல்தான் போவான். தப்பான செல்லான் ஒரே சமயத்தில் நிரபராதியைப் பிடிக்கிறது, குற்றவாளியை விடுதலை செய்கிறது.

நான் கேட்பது பெரிசில்லை. போட்டோவும் ஆர்.சி.யும் பொருந்தவில்லை என்றால், செல்லான் போட்ட அலுவலகமே ஒரு வாரத்தில் ரத்து செய்யட்டும். கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமென்றால், வண்டிக்காரர் ஊர் கோர்ட்டிலிருந்தே வீடியோவில் பேச விடட்டும். தப்பாகத் தட்டியவர் பெயர் ரத்து உத்தரவில் இருக்கட்டும்.

1714ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டபோது, தர முடியாது என்று குதிரை ஏறிய தேசிங்கு ராஜாவின் ஊர் இது. மாமா குதிரை ஏறவில்லை. எக்ஸ்எல்லில் போஸ்ட் ஆபீஸ் போய், ஆர்.சி. ஜெராக்ஸ், அந்தப் போட்டோ, ஒரு கடிதம் மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தார். நேற்று மறுபடியும் ஒரு மெசேஜ். ஆசையாகத் திறந்தார்.

'அபராதம் நிலுவையில் உள்ளது. உடனே செலுத்தவும்.'