மருந்துச் சீட்டுக்கும் மெய்ப்புத் திருத்தம் வேண்டும்

நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார் வள்ளுவர். இன்றைய மருத்துவமனையில் இந்நான்கையும் இணைப்பது மருந்துச் சீட்டே. அதில் நேரும் சிறு பிழையும் பெருங்கேடாய் முடியும்.

இன்சுலின் 10 அலகு என்பதைக் குறிக்க, எண்ணையடுத்து 'யு' என்னும் ஆங்கில எழுத்தை விரைந்து எழுதினால், அது சுழியமாய்த் தோன்றி 100 ஆகிவிடக்கூடும். மூட்டுவாதத்திற்கு வாரம் ஒருமுறை உண்ணவேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை நாள்தோறும் உண்டால் உயிருக்கே இறுதி நேரலாம்.

மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுதுமாறு இந்திய மருத்துவக் கழகம் 2016இல் விதித்தது. நன்றே! ஆயினும், தெளிவாக எழுதப்பட்ட தவறும் தவறுதானே? கடுமையான மருந்துத் தீங்குகளுள் தவிர்க்கக்கூடியவற்றை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் அறைகூவியதும் எண்ணத்தக்கது.

எனவே, பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஒவ்வொரு சீட்டிலும் அளவு, கால இடைவெளி, நோயாளியின் ஒவ்வாமை, சிறுநீரக நிலை, உடன் உண்ணும் பிற மருந்துகள் ஆகியவற்றை ஒப்புநோக்கி, ஐயம் எழின் மருத்துவரை வினவும் முறை மருத்துவமனைதோறும் வேண்டும். மருத்துவமனை நடத்தும் பெரியோர் இதனை வீண்செலவெனக் கருதலாகாது. மருத்துவரும் இதனை இழுக்கெனக் கொள்ளவேண்டுவதில்லை. மெய்ப்புத் திருத்துவோர் நூலாசிரியரின் புலமையை ஐயுறுகின்றனரா என்ன?

அச்சேறிய நூலில் பிழை கண்டால் இறுதிப் பக்கத்தில் பிழைதிருத்தம் சேர்க்கலாம். உடலேறிய மருந்துக்கு அத்தகைய பக்கம் இல்லை.