பெயருக்கு 80 கோடி, பிரேக்குக்கு வாஷர் இல்லை

போன மாதம் திருச்சுழியிலிருந்து திரும்பும்போது என் பழைய அம்பாசிடரின் பிரேக் மிதி தரையைத் தொட்டது. நல்லவேளை, ரோட்டோரச் சீமைக்கருவேலத்தைத் தவிர எதிரில் யாருமில்லை.

மெக்கானிக் தம்பி மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துக் காட்டினார். 'ஒரிஜினல்' என்று பெட்டியில் அச்சடித்து எனக்கு விற்ற ரப்பர் வாஷர், பிரேக் ஆயிலில் ஊறி உப்பி, விளிம்பு கிழிந்திருந்தது. சரியான ரப்பர் அப்படி உப்பாது.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. 2017-இல் அந்தப் பெயரை பிரான்சின் பியூஜியோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தக் கம்பெனியின் பெயரைச் சுத்தமாக உச்சரிப்பேன். அதனால் என் பிரேக் பிடிக்குமா?

"புது வண்டி வாங்குங்களேன்" என்பார்கள். அருப்புக்கோட்டையில் பழைய தறிகள் எப்படி ஓடுகின்றன? தேய்ந்த பாகத்தைக் கொடுத்தால் லேத் பட்டறையில் கடைந்து தருகிறார்கள். அதை ஒரிஜினல் என்று பொய் சொல்வதில்லை. கெட்டால் போய்க் கேட்க ஆள் இருக்கிறது.

என் கட்சி இதுதான். வண்டி செய்வதை நிறுத்தும் கம்பெனி, பிரேக், ஸ்டியரிங் பாகங்களின் வரைபடத்தையும் தர விவரத்தையும் பொதுவில் வைக்க வேண்டும். செய்பவர் தன் பெயரைப் போட்டு விற்கட்டும். பெயருக்கு விலை பேசத் தெரிந்தவர்களுக்கு, ஓட்டுபவன் உயிர் மட்டும் கணக்கில் வராதா?

அதுவரை, நண்பர்களே, பெட்டியை நம்பாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு மாட்டுங்கள்.