மரங்கள் முடியும் இடத்துக் காடு

உத்தராகண்ட் மாநில முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்களின் பார்வைக்கு:

மேற்கு இமயமலையில் ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேல், புக்யால் எனப்படும் புல்வெளிகள் தொடங்கும் வரை பரவியிருப்பது சப்-ஆல்பைன் காடு. கர்சு ஓக், ஃபிர், பூர்ச்சம், ரோடோடென்ட்ரான் ஆகியவை இதன் முதன்மை மரங்கள். கார்வால் பகுதியில் பல இடங்களில் 3,300 முதல் 3,600 மீட்டருக்குள் மரங்கள் நின்றுவிடுகின்றன. வளர்ச்சிக்குக் கிடைப்பது கோடையும் மழைக்காலமும் மட்டுமே. மற்ற மாதங்களைப் பனி எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு மெதுவாக வளரும் காட்டின் நலத்தை, நட்ட நாற்றுகளின் எண்ணிக்கை சொல்லாது.

கர்சு ஓக்கையே எடுத்துக்கொள்ளலாம். இதன் விதை மழைக்காலத்தில் முதிர்கிறது. மரத்தில் இருக்கும்போதே முளைவிடுவதும் உண்டு. விழுந்த விதை சில நாட்களில் ஈரமண்ணைப் பற்றாவிட்டால் வீண். சேமித்து வைக்கவும் இயலாது. நன்றாகக் காய்ப்பதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். நிதியாண்டுக் கணக்குக்கு இந்த மரம் கட்டுப்படாது! தீவனத்துக்காகக் கிளைகளைத் தொடர்ந்து கழித்தால் காய்ப்பு குறைகிறது. முளைத்ததைக் கால்நடை மேய்கிறது. அதனால் பல இடங்களில் முதிர்ந்த மரம் உண்டு, சிறு நாற்றும் உண்டு, இடைப்பட்ட இளமரம் அரிது. வெளிப்பார்வைக்கு அது பசுங்காடு. உள்ளபடி வாரிசு இல்லாத காடு.

பூர்ச்சத்தின் குணம் வேறு. காற்றில் பறக்கும் நுண்விதை, வெளிச்சம் விழும் திறந்த மண்ணில் முளைக்கிறது. தெற்கே பனை ஓலை போல, வடக்கே இதன் பட்டை ஏடாகப் பயன்பட்டது. கங்கோத்ரிக்கு மேலே போஜ்பாசாப் பகுதியில் பூர்ச்சக் காடு விறகுக்காக அழிந்தது. மலையேற்ற வீராங்கனை ஹர்ஷவந்தி பிஷ்ட் அங்கே மீண்டும் நாற்று நட்டு வளர்த்தார். வேலியும் பல ஆண்டுப் பராமரிப்பும் இருந்தால் மீட்பு நடக்கும் என்பதற்கு அது சான்று.

இந்தக் காட்டை நம்பியே கஸ்தூரி மான் வாழ்கிறது. பனிக்காலத்தில் மரங்களில் படரும் லைக்கன் அதற்கு முக்கிய உணவு. லைக்கன் செழிக்க முதிய மரங்கள் வேண்டும். மோனால் பறவையும் குளிர்காலத்தில் இங்கு இறங்கி ஒதுங்குகிறது. 975 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேதார்நாத் சரணாலயம் 1972இல் கஸ்தூரி மானை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது.

வெப்பம் கூடினால் காடு தானாக மேலே ஏறிவிடும் என்று நம்புவது தவறு. நேபாள இமயமலையில் மர எல்லையில் நிற்கும் பூர்ச்சத்தின் வளர்ச்சியைப் பருவமழைக்கு முந்தைய வறட்சி கட்டுப்படுத்துவதை ஆண்டு வளையங்கள் காட்டியுள்ளன.

2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்கத் தடை விதித்தது. கூடாரத்தைத் தடுக்க ஆணை போதும். மாட்டுக்குத் தழை சுமக்கும் மலைப் பெண்களிடம் ஆணை செல்லாது, செல்லவும் கூடாது. எந்தச் சரிவில் எத்தனை ஆண்டு கிளை கழிப்பதில்லை என்பதை வனப் பஞ்சாயத்துகளோடு பேசி, சுழற்சி முறையில் முடிவு செய்ய வேண்டும். விறகு வெட்டுவது குறைய, யாத்திரைப் பாதைக் கடைகளுக்கு எரிவாயு உருளை தடையின்றிக் கிடைக்க வேண்டும். அடுத்த மேலாண்மைத் திட்டத்தில், நட்ட நாற்றுகளுக்குப் பதிலாக, மேய்ச்சல் உயரத்தைத் தாண்டிய கர்சு, பூர்ச்ச இளமரங்களை எண்ணிப் பதிவு செய்ய உத்தரவிட வேண்டும்.