மாட்டின் ஏப்பமும் நம் தட்டின் மீதான பழியும்

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சுகளில் ஒரு புதிய வசை காதில் விழுகிறது: மாட்டுக்கறி தின்பவர்களால்தான் பூமி சூடாகிறதாம். நேற்று வரை 'தீட்டு' என்றவர்கள் இன்று 'மீத்தேன்' என்கிறார்கள். பதில் சொல்ல, மாட்டின் வயிற்றுக்குள் நடப்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைக்கோலை மாடு தானாகச் செரிப்பதில்லை. அதன் அசையூண் வயிற்றில் வாழும் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சைகள்தான் நாரை நொதிக்க வைக்கின்றன. அப்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் இவ்விரண்டையும் சேர்த்து மீத்தேன் ஆக்குகின்றன. அதில் பெரும்பகுதி ஏப்பமாக வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும் வாயு இது. பிரச்சினை உண்மையானது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இந்த மாடுகள் யாருக்காக வளர்கின்றன? 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கு மேல் மாடுகள், சுமார் 11 கோடி எருமைகள். இவை முதன்மையாகப் பாலுக்காக வளர்பவை. அம்பத்தூர் ஆவின் பண்ணையிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ஒவ்வொரு பாக்கெட்டுக்குப் பின்னாலும் அந்த ஏப்பம் இருக்கிறது. பால் குடிப்பவரை யாரும் குற்றவாளி ஆக்குவதில்லை, ஆக்கவும் வேண்டாம். கறவை நின்ற மாட்டைத் தின்பவர் மீது மட்டும் ஏன் பழி?

மீத்தேனைக் குறைக்க வழி உண்டு. வெறும் வைக்கோல் தின்னும் மாடு குறைவாகக் கறக்கும்; லிட்டருக்கு மீத்தேன் கூடும். பசுந்தீவனமும் பயறுவகைத் தழையும் சேர்ந்தால் அது குறையும். பெங்களூருவிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம் டானின் நிறைந்த தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. அது மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைக்கும் என்கிறார்கள். வரவேற்போம்.

ஆனால் பசுந்தீவனத்துக்கு நிலம் வேண்டுமே! ஆவடி, பூந்தமல்லி ஓரங்களில் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் சேரிக் குடும்பத்துக்கு அது எங்கே? இப்பகுதிகள் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்ட ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892-இல் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலம் பெருமளவு பிறர் கைக்குப் போய்விட்டது. மேய்ச்சல் புறம்போக்கு மனைகளாகிவிட்டது. தெருவில் மேயும் மாட்டைப் பிடித்து மாநகராட்சி அபராதம் விதிக்கிறது.

எனவே தோழர்களே, அடுத்த முறை யாராவது நம் தட்டைச் சுட்டிக்காட்டினால் வெட்கப்பட வேண்டாம், அறிவியலையும் மறுக்க வேண்டாம். அதே அறிவியலைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: மீத்தேன் குறைப்புக்கு ஒதுக்கும் பணமும் தீவனமும் நிலமற்ற மாட்டுக்காரருக்கு வருமா? எங்கள் பஞ்சமி நிலமும் ஊர் மேய்க்காலும் எப்போது திரும்பும்? தாசில்தார் அலுவலகத்தில் நிலப்பதிவேட்டைக் கேட்டு வாங்குவதும் காலநிலைப் போராட்டம்தான்.