வலியை மறைப்பது வீரமன்று

பிள்ளை கால்பந்து ஆடுவதைக் கண்டு மகிழும் பெற்றோர்களே! ஓடும்போது சட்டெனத் திரும்புவதும், பந்தை ஓங்கி உதைப்பதும் உள்தொடைத் தசைகளைப் பெரிதும் வருத்துகின்றன. அவை வலுவற்றிருப்பின் தொடையிடுக்கில் வலி எளிதில் தோன்றும்.

இதனைத் தடுக்கக் ‘கோபன்ஹேகன்’ பயிற்சி உதவும். ஒருவர் ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்ற, தோழர் அவரது மேற்காலைத் தாங்கிப் பிடிப்பார். படுத்தவர் இடுப்பை உயர்த்தி, கீழ்க்காலை மேற்காலோடு சேர்த்து, மெல்ல இறக்க வேண்டும். தொடங்குவோர் படுத்தவாறே கீழ்க்காலை மட்டும் உயர்த்தினால் போதும்.

நார்வே கால்பந்தாட்டக்காரர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இப்பயிற்சியால் தொடையிடுக்குத் தொல்லைக்கான வாய்ப்பு 41 விழுக்காடு குறைந்தது. போட்டிக் காலத்திற்கு முன் வாரம் மும்முறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் செய்வதே முறை.

மறைத்த வலி முற்றினால் ஆட்டமே நின்றுவிடும். பிள்ளையிடம் இன்றே கேளுங்கள்: “எங்கேனும் வலிக்கிறதா?”